கத்தரி இலையில் இரண்டு வண்டுகள்

பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடி விழும் இடத்தில் நாலு பாத்தி போட்டிருக்கிறார்கள். கத்தரி, வெண்டை, தக்காளி, வரப்போரம் தட்டைப்பயறு. மூலையில் ஒரு முருங்கை, அதன் நிழல் எட்டாத தூரத்தில் ஒரு கறிவேப்பிலை. காலை மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரு கத்தரிச் செடியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். ஒரு சிறுமி கையில் காலித் தீப்பெட்டி.

"பொறிவண்டு சார். நல்ல பூச்சின்னு டீச்சர் சொல்லிருக்காங்க" என்று தீப்பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஆரஞ்சும் பழுப்பும் கலந்த ஒரு குண்டு வண்டு, முதுகெல்லாம் கறுப்புப் புள்ளி. பக்கத்தில் இருந்த பையன் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் ஓர் இலையைத் திருப்பிப் பிடித்தான். பச்சையம் முழுவதும் சுரண்டப்பட்டு, நரம்பு மட்டும் மிஞ்சி, சல்லடைபோல வெளிச்சம் தெரிந்தது. "நல்ல பூச்சின்னா இத யாரு தின்னா?"

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. தீப்பெட்டியில் இருந்தது எபிலாக்னா என்று வேளாண் அலுவலர்கள் சொல்லும் புள்ளி வண்டு. பொறிவண்டின் குடும்பத்திலேயே பிறந்தது. ஆனால் குடும்பத் தொழிலை விட்டுவிட்டு இலை தின்னப் போய்விட்டது. அதே செடியின் கொழுந்தில் அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே இன்னொரு வண்டு நடந்துகொண்டிருந்தது. அதுதான் உண்மையான பொறிவண்டு. இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். பொறிவண்டின் முதுகு எண்ணெய் தேய்த்ததுபோலப் பளபளக்கும். புள்ளி வண்டின் முதுகில் மெல்லிய பூமயிர் இருப்பதால் மங்கலாகத் தெரியும், பளபளப்பு இருக்காது. புள்ளியை எண்ணினால் பெரும்பாலும் 12 அல்லது 28 வரும்.

அந்தப் பிள்ளைகள் எண்ணினார்கள். எண்ணி முடிக்கும் முன் மணி அடித்துவிட்டது.

குழந்தைகள் தோட்டம் என்றவுடன் நாம் ஒரு பட்டியலைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். இந்தப் பக்கம் நன்மை செய்யும் உயிரினங்கள், அந்தப் பக்கம் தீமை செய்பவை. மண்புழு, தேனீ, தவளை, பொறிவண்டு ஒரு பக்கம். அசுவினி, மாவுப்பூச்சி, காய்த்துளைப்பான், நத்தை மறுபக்கம். பட்டியல் தப்பில்லை. ஆனால் பிள்ளை முதலில் பட்டியலைப் படித்துவிட்டுப் பிறகு செடியைப் பார்த்தால், அது தேடுவது பூச்சியை அல்ல, படத்தை. பொறிவண்டின் புழுப் பருவத்தை எத்தனை பேருக்குத் தெரியும்? கறுத்த உடம்பு, ஆரஞ்சுத் திட்டு, ஆறு கால், முன்னும் பின்னும் கூர்ந்து, ஒரு முதலைக்குட்டியைச் சிறிதாக்கியதுபோல் இருக்கும். தாயைவிட இதற்குத்தான் அகோரப் பசி. வளர்ந்து முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். பார்க்கப் பயமாக இருப்பதால் வீட்டுத் தோட்டக்காரர்கள் முதலில் நசுக்குவது இதைத்தான். மாவுப்பூச்சியைத் தின்ன வரும் ஒருவகைப் பொறிவண்டின் புழு இன்னும் மோசமாக ஏமாற்றும். அதுவும் மாவுப்பூச்சி மாதிரியே உடம்பெல்லாம் வெள்ளை மெழுகைப் பூசிக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் பெரிதாக இருக்கும், சுறுசுறுப்பாக நகரும், அவ்வளவுதான் அடையாளம். பொறுமையாகப் பார்க்காதவர்கள் காவல்காரனையும் சேர்த்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிடுவார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு முதலில் நேரம் கொடுப்போம். பெயரும் தீர்ப்பும் பிறகு வரட்டும்.

பார்க்க மறந்த இரண்டு மாவட்டங்கள்

இதைப் பெரம்பலூரிலும் அரியலூரிலும் இருந்து சொல்ல ஒரு காரணம் உண்டு. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் என்று பூச்சி விரும்பும் பயிர்களாகப் பார்த்து வைக்கிற மண் பெரம்பலூருடையது. அரியலூரின் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரி. பூச்சி விஷயத்தில் எங்கள் ஜனங்கள் பட்ட அடி கொஞ்சமில்லை.

என் அப்பாயி பருத்திக் காட்டில் புழு பொறுக்கியதை நான் பார்த்திருக்கிறேன். இடுப்பில் ஒரு டப்பா, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர். சப்பை என்கிற பூமொட்டை விரித்துப் பார்த்து, புழுவைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே போவாள். எந்தப் புழு எந்தப் பக்கம் துளை போடும், எச்சம் எங்கே விழும் என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில் இருந்தது. அடுத்த தலைமுறை தெளிப்பானை முதுகில் மாட்டியது. அதோடு அந்த அறிவு கைமாறி மருந்துக்கடைக்குப் போனது. "புழு விழுந்திருக்கு, என்ன அடிக்கலாம்?" என்று கடைக்காரரைக் கேட்கும் பழக்கம் வந்தது. என்ன புழு என்று அவரும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. செடியைத் தின்பதும் செத்தது, அதைத் தின்ன வந்ததும் செத்தது. இலை தின்னிகள் சீக்கிரம் திரும்பி வந்தன. அவற்றை வேட்டையாடியவை திரும்பி வர நாளாயிற்று. அந்த இடைவெளியில் இன்னும் கடுமையான மருந்து வந்தது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் அடுத்தடுத்து இறந்தபோது நாடு அதிர்ந்தது. அதே ஆண்டு பெரம்பலூரிலும் மருந்தடித்தவர்கள் மயங்கி விழுந்தார்கள். உயிரும் போனது.

மறு ஆண்டே படைப்புழு. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, 2016-இல் ஆப்பிரிக்காவில் இறங்கி, 2018-இல் கர்நாடகம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்து, அந்த வருஷமே எங்கள் மக்காச்சோளக் காடுகளுக்கு வந்து சேர்ந்தது. குருத்துக்குள் புகுந்துகொண்டு உள்ளிருந்தே அரிக்கும். தெளிக்கிற மருந்து அதன்மேல் படுவதே அரிது. தலையில் தலைகீழாக எழுதிய ஆங்கில 'ஒய்' எழுத்துப் போன்ற வெள்ளைக் கோடு, வால் பக்கத்தில் சதுரமாக நாலு கறும்புள்ளி. இந்த அடையாளத்தை அப்போது பல வீடுகளில் முதலில் கண்டுபிடித்துச் சொன்னது பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். அந்தக் கண்ணுக்கு லென்ஸ் தேவைப்படவில்லை. குனிந்து பார்க்க விடவேண்டும், அதுதான் தேவைப்பட்டது.

பள்ளித் தோட்டத்துக்குள் பூச்சிமருந்துப் புட்டி நுழையவே கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து. எங்கள் பருத்திக் காடுகள் நன்றாக அறிந்த பெயர் அது. பள்ளிகளில் சத்துணவுக்கான காய்கறித் தோட்டம் அமைக்க மத்திய அரசு 2019-இல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அந்தத் தோட்டத்துக் காய் நேரே பிள்ளைகளின் தட்டுக்கு வருகிறது. ஒரு பாத்தி கத்தரி முழுக்கச் சொத்தையாகப் போனாலும் போகட்டும்.

அசுவினியை ஏன் விட்டுவைக்க வேண்டும்

அந்தப் பள்ளியில் வரப்பு ஓரத் தட்டைப்பயறில் கறுப்பு அசுவினி அப்பிக்கிடந்தது. காம்பு, பூ, பிஞ்சு எதையும் விடவில்லை. பார்ப்பவருக்கு உடனே பிடுங்கிப் போடத் தோன்றும். ஆசிரியர் பிடுங்க விடவில்லை, அது சரியான முடிவு. தட்டைப்பயறைப் பிடிக்கும் அந்தக் கறுப்பு அசுவினி கத்தரிக்கும் வெண்டைக்கும் தாவிப் பெருகுவதில்லை. ஆனால் அதைத் தின்ன வரும் பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் எல்லாப் பாத்திக்கும் போகும். தட்டைப்பயறு அவற்றுக்குச் சாப்பாட்டுக் கூடம். தோட்டத்தில் அசுவினியே இல்லை என்றால் பொறிவண்டு எதற்கு வரும்? வந்தாலும் எதைத் தின்று முட்டையிடும்?

உற்றுப் பார்த்தால் அந்தக் கூட்டத்தில் சில அசுவினிகள் அசையாமல், ஊதி, வெளிறிய பழுப்பு நிறத்தில் ஒட்டியிருக்கும். சிலவற்றின் முதுகில் ஊசியால் குத்தியதுபோல வட்டத் துளை. கொசுவைவிடச் சிறிய ஒரு குளவி, அசுவினியின் வயிற்றுக்குள் முட்டை வைத்து, அதன் குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து, கதவு திறந்து வெளியே போன அடையாளம் அது. இப்படிப்பட்ட குளவிதான் பப்பாளியைக் காப்பாற்றியது. 2008-இல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாடு முழுக்கப் பரவிப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று கண்டதையெல்லாம் வெள்ளை பூசியபோது மருந்தால் முடியவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். ஒன்றிரண்டு ஆண்டுக்குள் மாவுப்பூச்சி அடங்கியது. மரவள்ளி மாவுப்பூச்சிக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து இன்னொரு குளவி வந்து, 2022-இல் சேலம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது. பச்சைமலை அடிவாரத்தில் மரவள்ளி போடுகிற எங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

மாவுப்பூச்சியை மட்டும் கெட்டது என்று எழுதிவிட முடியுமா? அதற்கு நெருங்கிய உறவான இந்திரகோபப் பூச்சிதான், ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் மேய்ச்சல் நிலத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த சப்பாத்திக்கள்ளியை உறிஞ்சி ஒழித்தது. 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். நாம் பயிரிடும் செடியில் உட்கார்ந்தால் பகை, நமக்கு வேண்டாத செடியில் உட்கார்ந்தால் உறவு. பூச்சிக்கு இதில் எதுவும் தெரியாது.

அரியானாவின் ஜீந்த் மாவட்டத்தில் நிடானா என்ற ஊரில் இதை ஒரு பாடசாலையாகவே நடத்தினார்கள். சுரேந்தர் தலால் என்ற வேளாண் அதிகாரி, 2013-இல் மறையும்வரை, பருத்திக் காட்டில் விவசாயிகளை உட்காரவைத்துப் பூச்சி எழுத்தறிவு சொல்லிக்கொடுத்தார். பெண்கள் செடி செடியாக எண்ணிக் கணக்கெழுதினார்கள். அவர்கள் பூச்சியை நண்பன், எதிரி என்று பிரிக்கவில்லை. சைவம், அசைவம் என்று பிரித்தார்கள். எண்ணிப் பார்த்தபோது சைவத்தைவிட அசைவம் பல மடங்கு இருந்தது. அதற்கும் முன்னால் இந்தோனேசியா இருக்கிறது. 1986-இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளை அரசு ஒரே உத்தரவில் தடுத்தது. புகையான் என்ற நெற்பூச்சியைத் தின்னும் சிலந்திகளை அந்த மருந்துகள் கொன்றுவிட்டதால்தான் புகையான் பெருகியது என்று கண்டுகொண்டதன் விளைவு. 1989-இல் அங்கே தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிதான் பிறகு உலகெங்கும் பரவித் தமிழ்நாட்டுக்கும் வந்தது. பெரியவர்களுக்கு அத்தனை சிரமப்பட்டுச் சொல்லிக்கொடுத்ததை ஆறாம் வகுப்பில் விளையாட்டாகவே கற்றுக்கொள்ளலாம். சைவமா, அசைவமா என்ற கேள்விக்கு விடை காண, பூச்சி தின்னும்போது பார்த்தே ஆகவேண்டும். அதனால்தான் எனக்கு இந்தப் பிரிப்பு பிடிக்கிறது.

ஓணானும் குளவியும்

ஓணானுக்கு நாம் செய்த பாவம் கொஞ்சமில்லை. ராமர் தாகத்துக்கு அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்று ஒரு கதை. அந்தக் கதையை நம்பி, ஈர்க்குச்சி நுனியில் சுருக்குப் போட்டுப் பிடித்து, மூக்குப்பொடி போட்டு, கல்லால் அடித்துக் கொன்ற கூட்டத்தில் நானும் ஒருவன். ஒரு வேலியோரத்து ஓணான் நாள் முழுக்க என்ன செய்கிறது என்று நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. வெட்டுக்கிளி, வண்டு, எறும்பு, புழு என்று அது தின்பதில் பெரும்பகுதி தோட்டத்தை மேய வருபவைதான். நல்ல பெயர் வாங்கிய அணிலோ பிஞ்சுக் காயைக் கடித்துப் போடும். கூகைக்கும் ஓணானின் கதிதான். ஓட்டுக் கட்டடத்தில் அது அடைந்தால் அபசகுனம் என்று விரட்டுகிறோம். அது விரட்டப்பட்ட ஊரில் எலி வரப்பைத் துளைக்கிறது. கரைவெட்டி ஏரிக்கு இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தை அரியலூர்ப் பிள்ளைகள் பெருமையாகச் சொல்கிறார்கள். 2024-இல் அந்த ஏரிக்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பள்ளிக்கூடத்து மோட்டுவளையில் அடையும் கூகைக்கும் அந்த மகிழ்ச்சியில் ஒரு துளி வேண்டும்.

குளவி விஷயத்தில் பழமொழியே வழிமறிக்கிறது. கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று வாத்தியார்கள் சொல்லித்தான் எங்களை அடித்தார்கள். வகுப்பறைச் சன்னலில் உலர்ந்து பழசான ஒரு மண் கூட்டை உடைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். பிள்ளைகளோடு சேர்ந்து உடைத்தோம். வெறும் அறையில் சிலந்திகளின் உலர்ந்த கால்கள் குப்பையாகக் கிடந்தன. புதுக் கூடாக இருந்தால், குளவி கொட்டி மயக்கிய சிலந்தியோ பச்சைப் புழுவோ, வகையைப் பொறுத்து, சாகாமல் துவண்டுபோய் வரிசையாக அடுக்கியிருக்கும். குளவி உள்ளே ஒரு முட்டை வைத்து வாசலை மண்ணால் மூடிவிடும். புழு குளவியாவதில்லை. புழுவைத் தின்று குளவிக்குஞ்சு வளர்கிறது. "அப்போ பழமொழி பொய்யா சார்?" என்று ஒருவன் கேட்டான். வெளியிலிருந்து பார்த்தவர்கள் சொன்னது என்றேன். புழு உள்ளே போனதைப் பார்த்தார்கள், குளவி வெளியே வந்ததைப் பார்த்தார்கள், நடுவில் நடந்ததைப் பார்க்கவில்லை. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று கலைக்காமல் விட்டுவைத்த வழக்கம், காரணம் எதுவாக இருந்தாலும், தோட்டத்துக்கு நல்லது செய்திருக்கிறது.

எல்லாவற்றையும் பக்கத்தில் போய்ப் பார்க்கச் சொல்ல முடியாது. எங்கள் பகுதியில் கதண்டு இருக்கிறது. பனை, தென்னை உச்சியில் கூடு கட்டும் இந்தப் பெரிய குளவி கூட்டமாக வந்து கொட்டினால் ஆள் பிழைப்பது கடினம். அதுவும் புழுவை வேட்டையாடுவதுதான், ஆனால் பள்ளி வளாகத்தில் அதற்கு இடமில்லை. கல் எறியாமல், புகை போடாமல், தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லவேண்டும். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அடையடையாக அடியில் இறங்கும் நாளில் அந்தப் பக்கம் பிள்ளைகள் போகக் கூடாது. அதன் மயிர் பட்டால் தடித்துப்போகும். செங்கல், ஓடு, விறகு குவித்த இடத்தில் தேளும் பூரானும் இருக்கும், சுருட்டை விரியனும் இருக்கலாம். கையை விடுவதற்குமுன் குச்சியால் புரட்டிப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தியே தீரவேண்டும்.

இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது பழைய டயரை. வண்ணம் பூசி, மண் நிரப்பிச் செடி வைத்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விளிம்புக்குள் தேங்கும் ஒரு டம்ளர் தண்ணீர் போதும், டெங்கு கொசு முட்டையிட்டு வளர. குழந்தைகள் தோட்டத்தில் உண்மையிலேயே குழந்தைக்குத் தீங்கு செய்யும் உயிரினம் எது என்று கேட்டால், பகலில் கடிக்கும் அந்த வரிக்கால் கொசுதான். கத்தரிப் புழுவால் எந்தப் பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. டயரில் அடியில் துளை போடுங்கள், இல்லாவிட்டால் டயரே வேண்டாம்.

மயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மக்காச்சோளம் விதைத்த மறுநாளே வந்து கிளறும் மயிலால் எங்கள் விவசாயிகள் வயிறெரிந்து கிடக்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முழுப் பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பள்ளியிலும் தக்காளி நாற்றை இரண்டு முறை கொத்திப்போட்டது. பிள்ளைகள் பழைய சேலையைக் கட்டி மறைத்தார்கள். நாற்று இப்போதைக்கு நிற்கிறது.

அவர்கள் கையில் ஒரு நோட்டு இருக்கிறது. வாரம் ஒருநாள், பத்துச் செடி, ஒவ்வொரு செடியிலும் மேல் இலை, நடு இலை, அடி இலை. என்ன இருந்தது, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. பெயர் தெரியாவிட்டால் அவர்களே வைத்த பெயர்: கண்ணாடிக்காரி, முதலைக்குட்டி, பஞ்சுமிட்டாய். பாத்திக்கு நடுவில், பறவை வந்து உட்கார்ந்து புழுவைப் பிடிக்கட்டும் என்று, 'டி' எழுத்துப்போலக் குச்சி நட்டிருக்கிறார்கள். சாயங்காலத்தில் கரிச்சான் வந்து உட்கார்கிறது.

நான் கடைசியாகப் போன அன்று கறிவேப்பிலையைச் சுற்றிப் பஞ்சாயத்து நடந்தது. செடியில் ஆறு புழு. குருவி எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு, பச்சையாக வளர்ந்துவிட்டவை நாலு. விரலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி, ஒரு காட்டமான நெடி வீசும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள். சத்துணவு ஆயாவுக்குத் தாளிக்க இலை வேண்டும். "புடுங்கிப் போடுங்கடா, கொழுந்து பூராத்தையும் தின்னுருச்சு" என்கிறார். பிள்ளைகளுக்கு வண்ணத்துப்பூச்சி வேண்டும். கடைசியில் கிழக்குப் பக்கக் கிளை புழுவுக்கு, மீதி ஆயாவுக்கு என்று முடிவாயிற்று. ஆயா ஒத்துக்கொண்டார். தீப்பெட்டிச் சிறுமி மேற்குக் கிளையிலிருந்த இரண்டு புழுக்களை இலையோடு எடுத்துக் கிழக்கே மாற்றினாள்.

மாற்றிவிட்டு நாங்கள் நாலடி தள்ளி வந்திருப்போம். கரிச்சான் குச்சியிலிருந்து இறங்கியது. கிழக்குக் கிளையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, வாயில் பச்சையாக ஒன்றோடு திரும்ப அதே குச்சியில் போய் உட்கார்ந்தது. அவர்கள் நட்ட குச்சி. யாரும் கத்தவில்லை. ஒரு பையன் மட்டும் மெதுவாக, "சார், இப்ப இது நல்ல பறவையா?" என்றான்.

சிறுமி நோட்டை எடுத்து, கறிவேப்பிலை என்று எழுதிய பக்கத்தில் 6 என்பதை அடித்துவிட்டு 5 என்று எழுதினாள். பக்கத்தில், கரிச்சான், 1, தின்றுகொண்டிருந்தது.